கருத்தரங்கின் வாசல் யாருக்கு?

கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவரைத் தொழில் பயில லண்டனுக்கு அனுப்பியது அப்பல்கலைக்கழகமே. வகுப்பறையோடு நில்லாமல், அங்குள்ள நூலகங்கள் பலவற்றை அவர் நேரில் கண்டறிந்தார். அந்த அனுபவத்திலிருந்தே 1931இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்ற நூல் உருவாயிற்று.

இன்று மும்பையில் நூலக அறிவியல் பயிலும் தாராவித் தொழிலாளியின் மகளை யார் அனுப்புவார்கள்? அருகிலுள்ள மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கருத்தரங்கு நடந்தாலும் பதிவுக் கட்டணம் குறுக்கே நிற்கும். வெளிமாநில மாநாடு என்றால் ரயில் செலவும் தங்கும் செலவும் சேரும். வேலைவாய்ப்புச் செய்தியும் அறிமுகமும் கிடைக்கும் அந்த அரங்குகள், வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியவையாகிவிடுகின்றன.

ஓரிருவருக்கு வழங்கும் சலுகை தீர்வாகாது. இச்செலவைப் பயிற்சியின் பகுதியாகக் கருதி, பல்கலைக்கழகமும் மாநில அரசும் ஏற்க வேண்டும். மாணவர் இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெறட்டும்.