கணக்கில் களவு போனால் குற்றவாளி நாமா?

சம்பளம் விழுந்த மறுநாள், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எமது அங்கத்தவரான ஓர் அக்கா, தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழுந்தெடுப்பவர். முதல் நாள் காலையில் அவரது வங்கிக் கணக்கிலிருந்து மூன்று தடவையாகக் காசு எடுக்கப்பட்டிருந்தது. முதலில் 15,000, பிறகு இன்னொரு 15,000, கடைசியாக 7,800. மொத்தம் 37,800 ரூபாய். அவரது சம்பளமும், கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பியதும் சேர்ந்த காசு அது. 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளப்படி பார்த்தால், சரியாக 28 நாள் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று போட்ட பேர்.

நடந்தது இதுதான். காலைப் பிரட்டு முடிந்து மலைக்குப் போகும் வழியில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. நல்ல தமிழில் ஒருவர் பேசினார். அஸ்வெசும கொடுப்பனவுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றார். அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கேட்டு வாங்கினார். பிறகு, “உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதை வாசித்துச் சொல்லுங்கள்” என்றார். குறுந்தகவல் வந்தது. இது உங்கள் கணக்கை ஒரு பணச் செயலியோடு இணைப்பதற்கான இலக்கம், எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இலக்கத்தை மட்டும் வாசித்துச் சொன்னார். அந்த நிமிடமே அவரது கணக்கு, எங்கோ இருக்கும் ஒருவனின் போனிலுள்ள செயலியோடு இணைந்துவிட்டது. அதன் பிறகு அவன் காசை எடுக்க இவரிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை.

காசு போவதாக இரண்டு குறுந்தகவல்கள் வந்ததும், கூட வேலை செய்த ஒரு தங்கச்சி அதை வாசித்துப் பார்த்துவிட்டு உடனே வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்தார். தமிழ் பேசும் அலுவலர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் மூன்றாவது தடவையாக 7,800 போனது.

அன்று பின்னேரமே வங்கிக் கிளைக்குப் போனார். “ஓ.டீ.பி.யை நீங்கள்தானே கொடுத்தீர்கள்? நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்று ஒரே பதிலில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஏச்சு. லயத்தில் சிரிப்பு. எங்களிடம் வந்தபோது அவர் முதலில் கேட்டது காசைப் பற்றியல்ல. “இதைப் பத்தி வெளியில சொல்லிறாதீங்க சேர்” என்பதைத்தான்.

அவரது பெயரையும் தோட்டத்தையும் நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படி இழந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள், வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மௌனம் கள்ளனுக்கு உதவுகிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிறுவனத்துக்கும் உதவுகிறது.

நிறுவையில் இரண்டு கிலோவை வெட்டினால் நாம் கேள்வி கேட்கிறோம். செக்ரோலில் ஒரு பேர் குறைந்தால் துரையிடம் போகிறோம். அப்போது நமக்கு வெட்கம் இல்லை. 28 நாள் பேர் களவு போனால் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நமது முன்னோர் காலத்தில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளி வாசிக்க முடியாத ஒரு தாளில் அவரது கடன் எழுதப்பட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. கணக்கு எழுதியவன் ஒருவன், கட்டியவன் இன்னொருவன். அதற்கு எதிராக எழுந்த குரல்களால் 1921 ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அது ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, நமது பணத்தைப் பற்றிய எச்சரிக்கை இன்னமும் நாம் வாசிக்க முடியாத மொழியில்தான் நமது கைக்கு வருகிறது.

காசு போனது தெரிந்தவுடன் என்ன செய்வது? தோட்டத் தலைவர்களும் பிள்ளைகளும் இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. அந்த நிமிடமே வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து, கணக்கையும் அட்டையையும் செயலியையும் நிறுத்தச் சொல்லுங்கள். இலக்கம் உங்கள் ஏ.டீ.எம். அட்டையின் பின்பக்கம் இருக்கும். அதை இன்றே தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். அழைத்த நேரம், பேசியவரின் பெயர், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வந்த குறுந்தகவல் எதையும் அழிக்க வேண்டாம். கோபத்தில் பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். அவைதான் சாட்சி. அழைத்தவனின் இலக்கத்தையும் வைத்திருங்கள்.

3. அதே நாளில் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழில் எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு வங்கியின் முத்திரையை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் நாளைக்கு ஆதாரம் இருக்காது.

4. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் என்ட்ரி போடுங்கள். “இது வங்கி விஷயம், இங்கே எடுக்க மாட்டோம்” என்று யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இந்த நாட்டில் இருக்கின்றன. இது குற்றம், பொலிஸின் வேலை.

5. வங்கி தந்த பதில் திருப்தி இல்லையென்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். முகவரி இலக்கம் 30, ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01. தொலைபேசி 1935. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். போலி இணைப்பு, திருடப்பட்ட வட்ஸ்அப் போன்ற விஷயங்களுக்கு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் உண்டு.

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவுதான். இனி சங்கம் பேச வேண்டியதைப் பேசுவோம்.

“நீங்கள்தானே கொடுத்தீர்கள்” என்ற ஒரே வசனத்தோடு விஷயத்தை முடிப்பதை நாம் ஏற்கவில்லை. அக்கா ஏமாந்தார் என்பது உண்மை. ஆனால் அந்தக் காசு காற்றில் கரையவில்லை. இன்னொரு கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கணக்கையும் ஒரு நிறுவனம்தான், ஓர் அடையாள அட்டையைப் பார்த்துத் திறந்து கொடுத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை, அதுவும் அன்றைக்குத்தான் இணைக்கப்பட்ட செயலிக்கு, கணக்கைத் துடைத்தெடுப்பதுபோல் காசு போகிறது. சாதாரணமாக மாதம் ஒரு முறை ஏ.டீ.எம். போகும் ஒரு பெண்ணின் கணக்கில் இது வழமையானதா என்று பார்க்க இயந்திரத்தால் முடியாதா?

பார்க்க முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கில் கணினித் திருடர்கள் கைவைத்தார்கள். அதில் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு கணக்குக்கு அனுப்பப்பட்டது. பெறுபவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. சந்தேகப்பட்டு விசாரித்தார்கள், காசு நின்றது, திரும்பிப் போனது. கோடிக்கணக்கான டொலருக்கு ஒரு நிமிடம் நின்று யோசித்தவர்கள், கொழுந்தெடுப்பவரின் 37,800 ரூபாய்க்கும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

மற்ற நாடுகளைப் பாருங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 ஆம் திகதி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியிலும் பிழையில்லை, வாடிக்கையாளரிலும் பிழையில்லை, இடையில் எங்கோ களவு நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் அறிவித்தவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அறிவித்த பத்து வேலை நாளுக்குள் காசைக் கணக்கில் போட வேண்டும். வாடிக்கையாளரின் பிழை என்று வங்கி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. இரகசிய இலக்கத்தைத் தாமே கொடுத்தவருக்குக்கூட, வங்கிக்கு அறிவித்த பின்னர் போகும் காசு வங்கியின் நட்டம்தான். இந்த விதி இங்கே இருந்திருந்தால், அழைப்பில் காத்திருந்தபோது போன 7,800 ரூபாயைப் பற்றி வங்கி வேறு பதில் சொல்லியிருக்கும்.

பிரித்தானியா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய காசையும் 85,000 பவுண் வரை திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, கள்ளனின் கணக்கை வைத்திருந்த வங்கி பாதி. தமது பையிலிருந்து போகும் என்று தெரிந்தால்தான் வங்கிகள் கள்ளக் கணக்குகளைக் கவனிக்கும் என்பதே அதன் நியாயம். நமது மத்திய வங்கியும் 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் எத்தனை நாளில் காசு திரும்பும், யார் நிரூபிக்க வேண்டும் என்பதெல்லாம் மலையில் நிற்கும் தொழிலாளிக்கும் விளங்கும்படி தெளிவாக வர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. கணக்கு திறக்கும்போதே எந்த மொழியில் குறுந்தகவல் வேண்டும் என்று கேட்டு, தமிழ் கேட்டவருக்குத் தமிழிலேயே அனுப்ப வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. அது நமது போனுக்கும் வந்துசேர வேண்டும். அடுத்து, அவசர இலக்கத்தில் கணக்கை நிறுத்துவதற்கு யாரோடும் பேசக் காத்திருக்காமல் ஓர் எண்ணை அழுத்தினால் போதும் என்ற வசதி வேண்டும். புதிதாக இணைக்கும் செயலிக்கு முதல் நாளில் பெரிய தொகை போகாதபடி தடை வேண்டும். கடைசியாக, பிழை வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி வேண்டும். இதில் தோட்டக் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. சம்பளத்தை வங்கியில் போடுவது அவர்களுக்கு வசதி. அந்த வசதியைப் பெறுபவர்கள், வங்கியையும் கூட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு வந்து தமிழில் விளக்கம் கொடுக்கட்டும்.

மற்றவர்களைக் கேட்கும் நாம், நம்மையும் கேட்டுக்கொள்வோம். கடனுக்காக ஏ.டீ.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடையில் ஒப்படைத்துவிட்டு வரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அட்டை உறையிலேயே இலக்கத்தை எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். போனில் செயலியைப் போட்டுத் தரச் சொல்லி, தெரிந்த பையன் ஒருவனிடம் எல்லா இலக்கத்தையும் கொடுத்துவிடுகிறோம். இவற்றை நிறுத்த வேண்டும். சேமலாப நிதிக் காசு மொத்தமாகக் கணக்கில் விழும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் விஷயத்தில் வீட்டார் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வாழ்நாள் உழைப்பு அது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. “உன் கணக்கை இரண்டு நாளைக்குத் தா, ஐயாயிரம் தருகிறேன்” என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கின் வழியாகப் போவது இன்னொரு லயத்து அம்மாவின் சம்பளமாக இருக்கும். பொலிஸ் முதலில் வருவது கணக்கின் சொந்தக்காரனைத் தேடித்தான்.

அக்காவின் முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, முத்திரை வாங்கி, பொலிஸ் என்ட்ரியும் போட்டாயிற்று. வங்கியின் பதில் எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வராவிட்டால் அடுத்தது மத்திய வங்கி. காசு முழுவதும் திரும்பும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த முறை “ஒன்றும் செய்ய முடியாது” என்ற பதிலோடு அவரைத் தனியாகத் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் தோட்டத்தில் இப்படி யாருக்காவது நடந்திருந்தால், எத்தனை நாளானாலும் பரவாயில்லை, குறுந்தகவலோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். முறைப்பாடுகள் கட்டாகச் சேர்ந்தால்தான் மத்திய வங்கியின் மேசையில் நாம் உட்கார்ந்து பேச முடியும்.