செவியின் மிடி

கிறிஸ்துமசுக்கு முந்திய ஒரு ஞாயிறன்று, தென்மாவட்டத்துப் பழைய ஆலயம் ஒன்றில் நாம் கண்ட காட்சியிலிருந்து தொடங்குவதே முறை. ஊரின் பெயரும் ஆலயத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஒன்றைச் சுட்டிக் குறை கூறினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

பாமாலை எண் அறிவிக்கப்பட்டது. பல இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய புதிய டிஜிட்டல் ஆர்கனின் இருக்கை காலியாக இருந்தது. இளைஞர் ஒருவர் எழுந்து சென்று, அதன் மேல் வைக்கப்பட்டிருந்த சிறு பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். ஆர்கன் தானே முழங்கிற்று. முழக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல் சரணத்தில் சபை அதனோடு சேர்ந்து சென்றது. இரண்டாம் சரணத்தில் முதியவர்கள் அரையடி பின்தங்கினர். மூன்றாம் சரணத்தில் ஆலயம் இரு கூட்டமாயிற்று. முன்வரிசையார் ஒரு சொல்லில் இருக்க, பின்வரிசையார் அதற்கு முந்திய சொல்லில் இருந்தனர். நேரங்கருதிப் போதகர் எஞ்சிய சரணங்களை விட்டுவிடுமாறு கையசைத்தார். சபை புத்தகத்தை மூடி அமர்ந்தது. ஆர்கன் அமரவில்லை. பாடுவார் எவருமின்றி நான்காம் சரணத்தையும் ஐந்தாம் சரணத்தையும் முழு ஒலியில் வாசித்துவிட்டே ஓய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. பழகிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்தபின் விசாரித்தோம். அந்த வாசிப்பு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாலயத்தில் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒருவருடையது. அவரை ஒரு பிற்பகலில் அழைத்து, நாற்பது பாடல்களை வாசிக்கச் செய்து, சீக்வென்சரில் பதிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே அவருக்குக் கொடுத்துவந்த சிறு தொகை நின்றுபோயிற்று. இப்போது அவர் நான்காம் வரிசையில் அமர்ந்து, தம் வாசிப்பைத் தாமே கேட்டபடி பாடுகிறார். அவரிடம் பேசினோம். அவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "நா வாசிச்ச அன்னைக்குக் கோயில்ல ஒரு ஆளும் இல்லையே சார்."

நாம் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. ஆயினும் ஆலயக் கமிட்டிகள் ஒரு வாக்கியத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை; ஆகவே விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

*

மிடி என்பது இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஒரு பொதுமொழி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று உரையாட வேண்டும் என்ற நோக்கத்தோடு 1983இல் அது நடைமுறைக்கு வந்தது. அம்மொழியில் ஒலி இல்லை. 'இந்தக் கட்டை அழுந்தியது', 'இந்தக் கட்டை விடுபட்டது', 'இந்த ஸ்டாப் திறந்தது' என்னும் செய்திகளே உள்ளன. அச்செய்திகளை வந்த நேரத்தோடு குறித்துவைத்துக்கொண்டு, கேட்கும்போது அதே ஒழுங்கில் திருப்பி அனுப்புவது சீக்வென்சர். எனவே சீக்வென்சர் இயங்கும்போது நாம் கேட்பது ஒலிப்பதிவை அன்று. ஆர்கன் அப்போதுதான் உண்மையாகவே ஒலிக்கிறது. விரல்கள் மட்டும் அன்றைய விரல்கள் அல்ல.

இதனை இறைநிந்தை என்று கொதிப்பவர்களும் உண்டு. முதலில் அவர்களோடு நமக்குள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆலயத்தில் இயந்திரம் இசைப்பது நேற்று வந்த வழக்கமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்தின் சிற்றூர் ஆலயங்கள் பலவற்றில் உருளை ஆர்கன்கள் இருந்தன. மர உருளையில் முள் பதித்து, கைப்பிடியைச் சுழற்றினால் சங்கீத மெட்டுகள் ஒலிக்கும். தாமஸ் ஹார்டியின் சிறுகதை ஒன்றில், கிறிஸ்துமசுக்கு அடுத்த ஞாயிறு ஆராதனையின்போது உறங்கிவிழித்து நடனமெட்டை வாசித்துவிட்ட ஊர்க் கலைஞர்களை நீக்கிவிட்டு, இருபத்திரண்டு மெட்டுகள் இசைக்கும் உருளை ஆர்கனைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிழையற்ற இயந்திரத்தின் பொருட்டுப் பிழை செய்யும் மனிதரை வெளியேற்றும் கதை அன்றே எழுதப்பட்டுவிட்டது. மறுபுறம், மொத்சார்ட் தம் இறுதியாண்டான 1791இல் எப்மைனரில் அமைத்த பெரும் படைப்பொன்று இயந்திர ஆர்கனுக்காகவே எழுதப்பட்டது. இன்று உலகெங்கும் ஆர்கன் கலைஞர்கள் அதைக் கையாலும் காலாலும் வாசிக்கிறார்கள். 1913இல் மாக்ஸ் ரேகர் தம் வாசிப்பை வெல்ட்டே நிறுவனத்தின் காகிதச் சுருளில் பதிந்தார்; அது இன்றைய சீக்வென்சருக்குப் பாட்டன் முறை. இயந்திரமே தீட்டு என்பார், இந்த வரலாற்றையும் தீட்டென்று ஒதுக்க வேண்டியிருக்கும். நாம் ஒதுக்கமாட்டோம்.

இன்னும் ஒருபடி மேலே சென்று சொல்வோம்: மிடி மொழி ஆர்கனுக்குப் பொருந்துவதுபோல் வேறெந்தக் கருவிக்கும் அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை. பியானோவில் விரலின் விசை ஒலியை மாற்றும். வயலினில் வில்லின் அழுத்தம் மாற்றும். ஆர்கன் கட்டையை மென்மையாய்த் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் எழும் ஒலி ஒன்றே. அப்படியானால் ஆர்கன் வாசிப்பவரின் கலை எங்கே இருக்கிறது? ஸ்டாப்களைத் தேர்வதில் ஒரு பகுதி. ஒலிமிதியை ஆள்வதில் ஒரு பகுதி. எஞ்சியதெல்லாம் காலத்தில் இருக்கிறது. கட்டையை எந்தக் கணத்தில் அழுத்துவது, எந்தக் கணத்தில் விடுவது, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எவ்வளவு மௌனம் வைப்பது, சரணத்தின் முடிவில் மக்கள் மூச்செடுக்க எவ்வளவு காத்திருப்பது என்பவையே அவருடைய மொழி.

சிக்கல் பிறக்கும் இடமும் இதுவே. ஆர்கன் வாசிப்பின் உயிர் காலத்தில் இருக்கிறது என்றால், அந்தக் காலம் யாருடையது? தனிக் கச்சேரியில் அது கலைஞருடையது. ஆராதனையில் சபையுடையது. கிழவர் ஒருவரின் மூச்சும், சிறுமி ஒருத்தியின் அவசரமும், துக்கவீட்டார் ஒருவரின் தயக்கமும் சேர்ந்து அமைவது அந்தக் காலம். ஆர்கன் வாசிப்பவர் அதைக் கேட்டு, சற்றே முன்சென்று, கைப்பிடித்து நடத்துகிறார். ஆளற்ற ஆலயத்தில் ஒரு பிற்பகலில் பதிந்த காலத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் ஆர்கனின் ஒலி கடைசி வரிசையைச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அவர்கள் பாடுவது திரும்பி வர இன்னொரு பங்கு ஆகும். அனுபவமுள்ள கலைஞர் இந்தத் தாமதத்தை அறிந்து, பின்வரிசை இழுத்தால் சுரங்களைச் சற்று வெட்டி வாசித்து அதைத் தூக்கி நிறுத்துவார். மேலும் காலி ஆலயத்தின் எதிரொலி வேறு, நிரம்பிய ஆலயத்தின் எதிரொலி வேறு. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. காலி ஆலயத்தின் நீண்ட எதிரொலிக்கு ஏற்ப வாசித்ததை, நானூறு பேர் நிறைந்த ஆலயத்தில் அப்படியே ஒலிக்கவிடுவது, ஒருவருக்கு அளவெடுத்த சட்டையை மற்றொருவருக்கு மாட்டிவிடுவதை ஒக்கும்.

இதற்கு மேலும் ஓர் அநியாயம் உண்டு. பதிந்த கோப்பைத் 'திருத்துகிறோம்' என்று சொல்லி, எல்லாச் சுரங்களையும் தாளக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்திவிடுகிறார்கள். கணினியில் அது ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. பெரியவர் வரிமுடிவில் வைத்திருந்த மூச்சு, கணினிக்குப் பிழையாகத் தெரிகிறது; பிழை நீங்குகிறது; மூச்சும் நீங்குகிறது.

*

கமிட்டியார் சொல்லும் காரணங்கள் மூன்று.

'இயந்திரம் பிழை செய்யாது' என்பது முதற்காரணம். செய்யும், அதன் பிழை மனிதப் பிழையினும் கொடியது. 'கட்டை விடுபட்டது' என்னும் ஒரு செய்தி வழியில் தவறிப்போனால், பியானோவின் ஒலி தானே தேய்ந்து அடங்கும்; ஆர்கனின் ஒலி தேயாது, யாராவது ஓடிச்சென்று நிறுத்தும்வரை ஊளையிடும். பல ஆர்கன்களில், பதிவைத் தொடங்குமுன் திறந்துவைத்த ஸ்டாப்கள் பதிவில் ஏறுவதில்லை. முந்திய ஆராதனையில் யாரோ திறந்துவிட்டுப்போன ஸ்டாப்களிலேயே அடுத்த பாடல் முழங்கும். ஒரு நிறுவனத்தின் ஆர்கனில் பதிந்த கோப்பை மற்றொன்றின் ஆர்கனில் இட்டால், சுரங்கள் சரியாக வரும். ஸ்டாப் செய்திகள் பெரும்பாலும் பொருந்தா. இரங்கற்பாட்டு எக்காளத்தில் ஒலித்தாலும் இயந்திரம் முகம் சுளிக்காது. இருக்கையில் ஆளிருந்தால் கண நேரத்தில் சரிசெய்யக்கூடியவை இவையெல்லாம்.

'ஆள் கிடைப்பதில்லை' என்பது இரண்டாவது. இருந்த ஆளை நான்காம் வரிசைக்கு அனுப்பியவர்கள் சொல்லும் காரணம் இது. ஆர்கனுக்குப் பல இலட்சம் தேடித் திரட்டத் தெரிந்த சபைக்கு, இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்து, அவரிடமே பயில அனுப்பி, மாதந்தோறும் அவருக்கொரு மதிப்பூதியம் தரத் தெரியவில்லை. உண்மையாகவே ஆளில்லாத சிற்றூர்ச் சபைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கும் நாம் சொல்வது, துணைக்கருவியின்றிப் பாடுங்கள் என்பதே. ஆர்கன் ஆலயத்துக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கிறிஸ்தவர்கள் பாடிவந்திருக்கிறார்கள்.

'காலத்துக்கேற்ற மாற்றம்' என்பது மூன்றாவது. தமிழ்ச் சபைகளைப் பொறுத்தவரை இது மாற்றம்கூட அன்று, இழப்பு. நம் சபைகளில் ஓடுவன இரண்டு ஆறுகள்: மேலை மெட்டில் அமைந்த பாமாலை ஒன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் இராகதாளத்தில் அமைத்துத் தந்த கீர்த்தனை மற்றொன்று. பாமாலையாவது ஒரே அளவில் ஓடும். கீர்த்தனையில் பல்லவிக்கு எத்தனை முறை திரும்புவது, எந்தச் சரணத்தில் நின்று உருகுவது, எந்தச் சுருதியில் எடுப்பது என்பன அந்த வேளையில் பாடுவோர் உள்ளம் முடிவு செய்பவை. பொத்தானை அழுத்திய கணத்திலேயே பல்லவியின் எண்ணிக்கை முடிவாகிவிட்டதென்றால், பாடுவோர் தம் கீர்த்தனைக்குத் தாமே விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். இப்படியே பத்தாண்டுகள் போனால் என்ன நிகழும்? இயந்திரத்தோடு ஒத்துப்போகாத கீர்த்தனைகள் ஒவ்வொன்றாய்ப் பாடப்படாமல் போகும். கோப்பில் இருக்கும் நாற்பது பாடல்களே சபையின் பாடல்கள் என்றாகும். தமிழ் பயின்றவர்கள் என்ற முறையில் நம்மை உறுத்துவது இது. ஏட்டில் மட்டும் இருந்து நாவில் இல்லாத பாடல் என்ன ஆகும் என்பதை நம் இலக்கிய வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

*

அப்படியானால் சீக்வென்சரை உடைத்தெறிவதா? வேண்டாம். அதற்கு உரிய இடம் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, வாரநாட்களில் இருக்கிறது.

ஆர்கன் வாசிப்பவருக்கு ஒரு தீராக் குறை உண்டு: சபை எங்கே அமர்ந்து கேட்கிறதோ அங்கே அமர்ந்து தம் வாசிப்பைக் கேட்க அவரால் இயலாது. சீக்வென்சர் அக்குறையைத் தீர்க்கிறது. வாசித்துப் பதிந்துவிட்டு, ஆர்கனைத் திருப்பி வாசிக்கவிட்டு, ஆலயத்தின் நடுவழியே நடந்து கடைசி வரிசை வரை சென்று கேட்கலாம். கால்கட்டையின் ஒலி மேற்குரலை விழுங்குகிறதா, எந்த ஸ்டாப் கடைசி வரிசையில் கரகரக்கிறது என்பவை தெரியும். மாணவருக்கு இதனினும் பெரும் பயன். ஆசிரியரின் இடக்கையையும் காலையும் சீக்வென்சர் வாசிக்க, மாணவர் வலக்கையை மட்டும் பயிலலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கி ஆசிரியரின் விரலைப் பின்தொடரலாம். தம் கட்டை எங்கே பிந்தியது, எங்கே முந்தியது என்பதைத் திரையில் கண்ணாலேயே காணலாம். இவ்வளவு நேர்மையான கண்ணாடி முந்திய தலைமுறை மாணவர்களுக்கு வாய்க்கவில்லை. பெரியவரின் நாற்பது பாடல்களும் வீணல்ல. அவை அருமையான பாடநூல். பாடநூலை வாங்கிவைத்துவிட்டு ஆசிரியரை அனுப்பிவிட்ட பள்ளிக்கூடத்தைப்போல் நடந்துகொண்டதுதான் அந்தச் சபையின் பிழை.

ஆகவே நாம் கேட்பவை மூன்றே. ஆராதனை நேரத்தில் சீக்வென்சர் தனித்து இயங்கலாகாது. ஆர்கன் வாங்கும் சபை, அதன் விலையில் ஒரு சிறு பங்கையேனும் ஆண்டுதோறும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். நான்காம் வரிசையில் அமர்ந்திருப்பவரை எழுப்பி, இருக்கையில் அமர்த்தி, இருபுறமும் இரண்டு பிள்ளைகளை நிறுத்த வேண்டும்.

தமிழில் 'மிடி' என்றால் வறுமை. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தவர்கள் இதை அறிந்திருக்க நியாயமில்லை. நாம் அறிவோம். பணமிடி உள்ள சபைகள் பாடியே பிழைத்திருக்கின்றன. இப்போது வந்திருப்பது செவிமிடி: எதிரில் இருப்பவர் மூச்சு வாங்குகிறார் என்பது கேட்காத வறுமை. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. அவருடைய கைகள் எத்தனை ஆண்டு கட்டையில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கமிட்டியார்க்கு மறுமொழி இருப்பின் சொல்லட்டும், கேட்போம். அதற்குமுன் ஒருமுறை அவரிடம் சென்று கேட்கட்டும்.