விளையாட்டில் பிறந்த மெட்டு



ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவன், கீபோர்டில் ‘சூப்பர் மாரியோ’ வீடியோ கேம் மெட்டை வாசித்தான். “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று அதட்டிவிட்டேன். பிறகுதான் விசாரித்தேன்.

1985இல் ஜப்பானியர் கோஜி கோண்டோ அமைத்த இசை அது. அன்றைய கேம் கருவியில் மூன்று சுர ஒலிகளையும் தாளத்துக்கு ஓர் இரைச்சல் ஒலியையும் மட்டும் வைத்தே அமைத்தார். 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் அதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசைக்கு அதுவே முதல் முறை!

அதைப் பியானோவுக்கு மாற்றுவது எளிதல்ல. வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை கீழ்ச்சுரமும் தாளமும் தர வேண்டும். பத்து விரலுக்குள் எதை வைப்பது, எதை விடுவது? திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிடிபடும்.

மறுநாள் அவனிடம் வருத்தம் தெரிவித்து, மீண்டும் வாசிக்கச் சொன்னேன்.

நீங்களும் விளையாடுவதோடு நின்றுவிடாமல், பிடித்த மெட்டை வாசித்துப் பாருங்கள். செய்வீர்கள்தானே?