குளிர்கால முடி: வெட்டுவதா, விடுவதா?



வெயில் கொளுத்தும் ஒரு சனிக்கிழமை மதியம். முடித்திருத்தகத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நல்லா ஒட்ட வெட்டிடுங்க" என்று சொல்லியிருப்பீர்கள். வெளியே வந்ததும் பிடரியில் காற்றுப் படும், அப்பாடா என்றிருக்கும். வீட்டுக்கு வந்தால் உங்கள் நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும். உடனே ஓர் எண்ணம் வரும்: 'பாவம், இதற்கும் ஒட்ட வெட்டிவிட்டால் என்ன?'

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் உங்களைக் குதிரை லாயத்துக்கு அழைத்துப் போகிறேன். குளிர்நாடுகளில் குதிரை வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். குளிர்காலத்துக்கென்று குதிரை வளர்த்துக்கொள்ளும் அடர்ந்த முடியை வெட்டுவதா, விடுவதா? அவர்கள் யோசிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் உங்கள் நாய்க்கும் விடை கிடைத்துவிடும்.

"பினாங்கில் ஏது குளிர்காலம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தீவுக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. பினாங்குக் குதிரைப் பந்தய மன்றம் தொடங்கியது 1864-இல். பத்து பெரிங்கி கடற்கரையில் குதிரைச் சவாரி போனவர்கள் உங்களிலேயே சிலர் இருப்பீர்கள். மலேசியப் பந்தயத் திடல்களில் ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. நம் ஊரில் குளிர்காலம் இல்லாவிட்டாலும், குளிர்கால முடி விமானம் ஏறி வந்துவிடும்.

முடிக்கு நாள் குறிப்பது வெளிச்சம்

குளிர் அடிப்பதால்தான் குதிரைக்கு முடி அடர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் கட்டளை வெளிச்சத்திடமிருந்து வருகிறது. இருட்டு நேரத்தில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீளும். 'பகல் குறைகிறது, குளிர் வரப்போகிறது' என்று உடல் அதைப் புரிந்துகொள்கிறது. அதனால் கோடை வெயில் இன்னும் தணியாதபோதே குதிரையின் தோலில் புது முடிக்கான வேலை தொடங்கிவிடும். லாயத்தில் விளக்குப் போட்டு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்தால், குளிர்காலம் முடியும் முன்பே குதிரை முடி உதிர்க்கத் தொடங்கும். குதிரைப் பண்ணைகளில் இது வழக்கமான உத்தி.

லண்டனில் டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதத்திலோ 16 மணி நேரத்துக்கும் மேல். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 40 நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. எனவே பல ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் நலமான குதிரையின் முடி பெரும்பாலும் குட்டையாக, வழவழப்பாகவே இருக்கும். அதை வெட்ட வேண்டிய தேவையே எழாது.

வெட்ட வேண்டிய குதிரையும் வெட்டக் கூடாத குதிரையும்

அடர்ந்த முடி வேலை செய்யும் விதம் எளிமையானது. முடிகளுக்கிடையே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர் கூடும்போது தோலின் சிறு தசைகள் முடியை நிமிர்த்தி அந்தக் காற்றடுக்கைத் தடிமனாக்குகின்றன. நமக்குப் புல்லரிக்கிறதே, அதே வேலைதான். வளர்ந்த குதிரைக்கு ஏறக்குறைய 5 பாகை முதல் 25 பாகை செல்சியஸ் வரை சுகமான வெப்பநிலை. நாம் கம்பளிச் சட்டையைத் தேடும் 10 பாகையில் அது நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் எதற்காக வெட்டுகிறார்கள்? வேலைக்காக. குதிரை ஓடும்போது அதன் தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பம் தோல் வழியாக வெளியேற வேண்டும். இங்கேதான் சிக்கல். 500 கிலோ குதிரையின் தோல் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அதாவது 100 கிலோ உடலுக்கு 1 சதுர மீட்டர் தோல். மனிதர்களாகிய நமக்கோ 35 அல்லது 40 கிலோ உடலுக்கே 1 சதுர மீட்டர் கிடைத்துவிடுகிறது. வீடு பெரிது, சன்னல் சிறிது என்பதுதான் குதிரையின் நிலை.

அந்தக் குறையைக் குதிரை வியர்வையால் ஈடுகட்டுகிறது. உடல் முழுவதும் வியர்க்கும் விலங்குகள் குறைவு. நாமும் குதிரையும் அந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 8 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பம் போதும். ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். அடர்ந்த முடிக்குள் ஊறிப்போய் நிற்கும் வியர்வையும், சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை.

குளிர்நாட்டில் இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஓடி முடித்த குதிரையின் நனைந்த முடியில் காற்றடுக்கு இருக்காது. மாலைக் குளிரில் அது காய மணிக்கணக்காகும்; அதுவரை குதிரை நடுங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே குளிர்காலத்திலும் தினமும் கடுமையாக ஓடும் குதிரைக்கு முடி வெட்டுவது நல்லது. வெட்டிய முடிக்குப் பதிலாகப் போர்வை போர்த்த வேண்டும். சிலர் கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் வயிற்றிலும் மட்டும் வெட்டுவார்கள். சிலர் உடல் முழுதும் வெட்டினாலும், முள்ளும் சேறும் படாமல் இருக்கக் கால் முடியையும், சேணம் உரசாமல் இருக்க முதுகில் ஒரு திட்டையும் விட்டுவைப்பார்கள். எங்கே வியர்க்கிறதோ அங்கே எடு, எங்கே பாதுகாப்பு வேண்டுமோ அங்கே விடு என்பது கணக்கு.

வேலையில்லாமல் திறந்த வெளியில் மேயும் குதிரையை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதன் போர்வையை அதுவே நெய்து வைத்திருக்கிறது.

"காட்டுக் குதிரைக்கு யார் முடி வெட்டினார்கள்? எந்தக் குதிரைக்குமே வெட்டக் கூடாது" என்று வாதிடுபவர்கள் உண்டு. காட்டுக் குதிரை முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு தினமும் குறித்த நேரத்துக்கு ஓடுவதில்லை. வேலையை நாம் கொடுத்துவிட்டு, 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று கையைக் கழுவுவது நேர்மையாகாது. இன்னொரு பக்கம், வெட்டினால் பார்க்க அழகாக இருக்கிறது என்று வெட்டுபவர்களும் உண்டு. அழகுக்காக வெட்டிவிட்டுப் போர்வை போர்த்த நேரமில்லை என்பவரிடம் மின்கத்திரியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. முடியை எடுத்தவர் அந்தக் குதிரைக்குக் கடன்பட்டவர். அது மறுபடி வளரும்வரை குளிரையும் மழையையும் அவர்தான் கவனிக்க வேண்டும்.

பினாங்கில் வந்திறங்கும் குதிரை

இப்போது நம் ஊருக்கு வருவோம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். மெல்பர்னில் அப்போது பகல் சுமார் 9½ மணி நேரம்தான். அந்த மாதத்தில் அங்கிருந்து புறப்படும் குதிரை உடல் நிறையக் குளிர்கால முடியோடு வரும். சில மணி நேரத்தில் 32 பாகை வெயிலும், பிழியப் பிழிய ஈரமான காற்றும். முடி தானாக உதிர வாரக்கணக்கில் ஆகும். உடல் இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகவே இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

இந்தக் குதிரைக்குத் தயங்காமல் வெட்டலாம். போர்வை தேவையில்லை, நிழல், காற்று, தண்ணீர், உப்பு போதும். ஆனால் வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிற்கு முன்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் குதிரைகளை எப்படிக் காப்பது என்று அறிவியலாளர்கள் தீவிரமாக ஆராய்ந்தார்கள். ஓடி வந்த குதிரை மேல் குளிர்ந்த நீரை மறுபடி மறுபடி ஊற்றுவது பலன் தருகிறது என்று தெரியவந்தது. சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

குளிர்நாட்டிலிருந்து வெப்பமண்டலத்துக்கு வரும் சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்வை சுரப்பதே குறைந்துவிடும், சிலவற்றுக்கு நின்றேபோகும். அப்படிப்பட்ட குதிரைக்கு எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் ஆவியாவதற்கு அதன் உடலில் வியர்வை இருக்காது. கத்திரியை நம்பி அதை வெயிலில் ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு குதிரையையும் சொல்ல வேண்டும். ஆண்டுகளாக நம் ஊரிலேயே இருந்த வயதான குதிரைக்குத் திடீரென்று நீண்ட, உதிராத முடி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சமும் மாறவில்லை, குளிரும் வரவில்லை. பின் எப்படி? அது பிட்யூட்டரி சுரப்பி சார்ந்த ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் அது அதிகம் காணப்படுகிறது. முடியை வெட்டினால் குதிரைக்கு இதமாக இருக்கும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். முதலில் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த நோயைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. பினாங்குப் பந்தய மன்றத்தைக் கலைக்க அதன் உறுப்பினர்கள் 2024-இல் வாக்களித்தார்கள். பந்தயம் ஓய்ந்தாலும் குதிரைகள் ஓய்ந்த பிறகும் பல ஆண்டுகள் வாழும். அவற்றை வாங்கி வளர்ப்பவர்களுக்கு இந்த அறிவு கட்டாயம் வேண்டும்.

மீசையைத் தொடாதீர்கள்

குதிரையின் மூக்கையும் கண்ணையும் சுற்றி நீண்ட, தடித்த முடிகள் இருக்கும். போட்டிகளில் முகம் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்று பல காலம் அவற்றையும் மழித்து வந்தார்கள். ஆனால் அவை வெறும் முடியல்ல. அவற்றின் வேர்களில் நரம்புகள் நிறைந்திருக்கின்றன. தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது. அங்கே அது மீசையால்தான் தடவிப் பார்க்கிறது. உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை 1 முதல் மீசை மழித்த குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. அழகு என்ற பெயரில் செய்ததை அறிவியல் கேள்வி கேட்டது; விதி மாறியது.

இனி உங்கள் நாய்

குதிரையிடம் கற்றதை நாயிடம் பொருத்திப் பாருங்கள். குதிரைக்கு வெட்டுவதால் பயன் ஏன்? அது தோல் முழுதும் வியர்க்கிறது. நாய்க்கு வெப்பம் தணிக்கும் வியர்வை பெரும்பாலும் பாதங்களின் அடியில் மட்டும்தான். அது முக்கியமாக மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஈரம் ஆவியாவது நாக்கிலும் வாயிலும் மூச்சுப் பாதையிலும். முதுகு முடியை மழித்தால் உங்கள் பிடரியில் பட்ட அந்தச் சுகம் அதற்கு அப்படியே கிடைத்துவிடாது. மாறாக, வெயில் நேரே தோலைச் சுடும்.

ஹஸ்கி, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு மேல்முடி, உள்முடி என்று இரண்டு அடுக்கு. ஒட்ட மழித்தால் சிலவற்றுக்கு மாதக்கணக்கில் முடி சரியாக வளராது. "எங்கள் நாய் மொட்டையடித்த பிறகு சுறுசுறுப்பாகிவிட்டதே" என்பார்கள் சிலர். அவர்கள் சொல்வது பொய்யல்ல. சிக்குப் பிடித்து, காற்றே புகாமல் கிடந்த உள்முடி போனதால் கிடைத்த நிம்மதி அது. அதையே நாள்தோறும் சீப்பால் வாரிவிட்டுப் பெற்றிருக்கலாம். பூடில், ஷீட்சூ போல முடி வளர்ந்துகொண்டே போகும் நாய்களின் கதை வேறு. அவற்றுக்கு அவ்வப்போது அளவாக வெட்டத்தான் வேண்டும்.

எனவே மின்கத்திரியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த விலங்கு வெப்பத்தை எப்படி வெளியேற்றுகிறது? அதற்கு நாம் கொடுத்திருக்கும் வேலை என்ன? முடியை எடுத்துவிட்டால் அது செய்த காவலை யார் செய்வது? மூன்றுக்கும் விடை தெரிந்தால் வெட்டுங்கள். தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நமக்கு வியர்க்கிறது என்பது மட்டும் ஒரு காரணமாகாது.

அதுவரை இன்று மதியமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பி, அதை நிழலுக்கு நகர்த்தி, மின்விசிறியைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு சீப்பை எடுங்கள்.