கஃப்ரிஞ்ஞா: பெயருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆக்கள்

ட்ரிப் போற பஸ்ஸில பைலா போட்டா கைதட்டாத ஆள் எங்கட ஊர்களில குறைவு. "சிங்களப் பாட்டுத்தானே" என்று சொல்லிட்டு விட்டுர்றம். ஆனா அந்தத் துள்ளலுக்குப் பின்னால கஃப்ரிஞ்ஞா என்ற பழைய வயலின் மெட்டு இருக்கு. அது இன்னும் உயிரோட இருக்கிற இடம் கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில, மட்டக்களப்பில. அங்குள்ள பறங்கியர் கல்யாணங்களில வயலினுக்குச் சோடி சோடியா ஆடுறது அதுதான்.

அந்தப் பெயரைப் பிரிச்சா எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சொல் ஒன்று வெளிய வருது: காஃபிர். கிழக்கு ஆபிரிக்கக் கரையில வியாபாரம் செய்த அரபிகள், இஸ்லாத்தில் இல்லாத அந்த மண்ணின் மக்களை அப்படிக் குறிப்பிட்டார்கள். போர்த்துக்கேயர் அதில இருந்த மார்க்க அர்த்தத்தைக் கழற்றிட்டு, ஆபிரிக்கர் என்ற அர்த்தத்தில 'காஃப்ரே' ஆக்கினார்கள். தமிழில அது காப்பிரி. கடைசியில இருக்கிற 'இஞ்ஞா' சின்னது, செல்லமானது என்று காட்டுற போர்த்துக்கேய விகுதி. பறங்கி என்ற சொல்லும் அரபு, பாரசீகம் வழியா வந்ததுதான். "எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேக்கிறவர்களுக்கு இது போதும்.

சரி, மெட்டு யாருடையது? "போர்த்துக்கேயர் கொண்டுவந்தது" என்பது வழமையான பதில். அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள், 1638இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். ஆனா தனியே தங்கட ஆட்டம் என்றால் அதுக்குக் காப்பிரி என்று ஏன் பெயர் வைக்கணும்? படைவீரராகவும் அடிமையாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் பங்கு இதில இருக்கு என்றதுக்கு அந்தப் பெயரே சாட்சி என்பது என்ட கருத்து. 1940களில பொலிஸ்காரரான வொலி பஸ்டியன் இந்த மாதிரி மெட்டுகளில சிங்களச் சொல் ஏற்றிப் பாடினார். பைலா நாடெல்லாம் பரவிச்சு. பழைய பெயர் பின்னால நின்றுட்டுது.

இப்ப சிலர், "அது இழிசொல், பெயரை மாத்தணும்" என்கிறார்கள். அதில நியாயம் இருக்கு. தென்னாபிரிக்காவில அந்தச் சொல் மோசமான இனவெறி வசை. ஆனா இங்க புத்தளத்துக்குப் பக்கத்தில வாழுற ஆபிரிக்க வம்சாவளியினர் தங்களைக் காப்பிரியர் என்றுதான் அறிமுகப்படுத்துறார்கள், மஞ்ஞா பாட்டைத் தங்கட அடையாளமாப் பாடுறார்கள். அவர்களைக் கேக்காம நாம பெயரைத் துடைச்சா, மெட்டில மிஞ்சியிருக்கிற அவர்களின் ஒரே கையெழுத்தையும் அழிச்சிடுவம்.

கலைப்பீடத்தில பக்கீர் பைத்துப் பற்றியும் பொல்லடி பற்றியும் எழுதுறம். நல்ல விஷயம், எழுதத்தான் வேணும். அதோட மட்டக்களப்புக்கும் பஸ் ஏறணும். 2004 சுனாமி அந்தப் பறங்கியர் குடும்பங்களையும் விட்டுவைக்கல்ல. அவர்களின் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுற ஆக்கள் குறைஞ்சுகொண்டு போறார்கள். வயலின் வாசிக்கிற ஒரு பெரியவரிடம் "இந்த மெட்டுக்கு உங்கட வீட்டில என்ன பெயர்?" என்று கேட்டு எழுதி வைக்க ஒரு ஃபோன் போதும்.

ஒரு மெட்டின் பூர்வீகத்தைத் தேடுறது சொந்தம் கொண்டாடுறதுக்கு இல்ல. யாரையெல்லாம் கணக்கில எடுக்காம விட்டுட்டம் என்று பார்க்கிறதுக்கு.