மணலியிலே கூடட்டும் அந்த மன்றம்!

உலகப் படத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காத இரண்டு நாடுகள். அவற்றுக்கிடையே ஒரு தகராறு. ஒரு நாட்டுக்காக இரு மாணவர், மறு நாட்டுக்காக இரு மாணவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, மேசைமீது குவிந்த சட்ட ஏடுகள். மேடையிலே நீதிபதிகளாக வீற்றிருப்போர் வாதத்தின் நடுவே குறுக்குக் கேள்வி தொடுக்கின்றனர். தோழர்களே, இதற்குத்தான் மாதிரி நீதிமன்றப் போட்டி என்று பெயர். ஜெஸ்ஸப் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞரின் பெயரால் 1960 முதல் நடைபெற்றுவரும் உலகப் போட்டியில் வழக்குகள் இவ்வாறே கற்பனை நாடுகளைக் கொண்டு புனையப்படுகின்றன. 2013இல் அதில் வாகை சூடியவர்கள் பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி மாணவர்கள்.

பயிற்சியைப் பழிக்கவில்லை நான். நல்ல பயிற்சி அது. ஆண்டுக்கு மூன்று மாதிரி வழக்குகளிலேனும் மாணவர் வாதாட வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளே வகுத்துள்ளன. இன்று வாதியின் பக்கம் நின்றவன் நாளை பிரதிவாதியின் பக்கம் நின்று பேச வேண்டும். எதிரியின் வாதத்தை எதிரியைவிட நன்றாக அறிந்தவனே வெல்வான்!

தமிழனுக்கு இது புதியதுமன்று. சிலம்பிலே ஒரு காதைக்கு வழக்குரை காதை என்றே பெயர். முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துச் சான்று காட்டி, அரசனையே குற்றவாளியாக்கினாள் கண்ணகி. இராவணன் வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்து, கம்பரையும் மன்றத்துக்கு அழைத்து, நீதிதேவனையே மயங்கவைத்தார் அறிஞர் அண்ணா, ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்திலே. வழக்காடு மன்றம் நடக்காத ஊர்த் திருவிழாதான் உண்டா?

ஆகவே கேட்கிறேன்: இல்லாத நாட்டின் வழக்கைத் தேடி அலைவானேன்? மணலி இருக்கிறதே!

1965இல் உருவான சென்னை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அடுத்த ஆண்டு உருவான உர ஆலை, அவற்றைச் சுற்றி எழுந்த பிற ஆலைகள். இவை வேலை தந்தன, மறுப்பாரில்லை. புகையும் தந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், அலையாத்திச் செடியின் வேரிலே எண்ணெய்! காட்டுக்குப்பத்தாரும் நெட்டுக்குப்பத்தாரும் தொழிலிழந்தனர். வாளியால் எண்ணெயை அள்ளிய மீனவரின் படத்தை நாடே பார்த்தது. அந்த மாதம் முடியுமுன், 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது. இரண்டையும் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

எண்ணெய் வழக்கையே பாருங்கள். எங்கள் குழாயில் கசிவில்லை என்றது ஆலை. ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வந்ததே அது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வெள்ளம் இயற்கையின் செயல், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று ஒருவன் வாதாடலாம். 1868இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் வழக்கில் வகுத்த நெறியில் அத்தகைய விலக்குக்கு இடமுண்டு. ஆனால் டில்லி ஸ்ரீராம் ஆலையின் நச்சு வாயு வழக்கிலே, 1986இல், நீதியரசர் பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு அந்த வாயிலை அடைத்தது: ஆபத்தான தொழிலை நடத்துவோன் முழுப் பொறுப்பாளி, விலக்கு எதுவுமில்லை. பாலாற்றைப் பாழாக்கிய தோல் ஆலைகள்மீது வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், 1996இல், மாசுபடுத்தியவனே ஈடு தரவேண்டும் என்றது அதே உச்ச நீதிமன்றம். தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அது நிவாரணம், காலத்தில் செய்த உதவி. ஆனால் ஒரு கழிமுகம் மடிந்தால் அதன் விலை என்ன? நண்டும் இறாலும் எப்போது திரும்பும்? அந்தக் கணக்கை எவன் எழுதுவான், எவன் கட்டுவான்? இதனினும் கடினமான கேள்வியை எந்தக் கற்பனை நாடு தரும்?

இன்னொன்று, மொழி. இப்போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஊர்ப் பள்ளியில் தமிழிலே படித்து வந்த மாணவி, சட்டம் தெரிந்தும் நா தயங்கி நிற்கிறாள். உயர்நீதிமன்ற மொழியே ஆங்கிலம்தானே என்பர். ஏன் அப்படி? அரசமைப்பின் 348ஆவது பிரிவு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில மொழிக்கு இடம் தருகிறது. அதன்வழியே ராஜஸ்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி உயர்நீதிமன்றம் ஏறியது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. 2012இல் உச்ச நீதிமன்றம் இசையவில்லை. இந்திக்குத் திறந்த கதவு, தமிழுக்கு மட்டும் தாழிடப்படுவது என்னே நீதி!

தமிழில் சட்டம் பேச முடியாது என்பார்க்கு மேடைப் பேச்சால் விடை சொன்னது போதும். வாதாடிக் காட்டுவோம்.

மன்றத்தைக் கூட்ட வேண்டிய இடம் மணலி. முன்பு சட்டக் கல்லூரி உயர்நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. மாணவன் நடந்தே போய் மெய்யான வழக்கைக் கேட்டான். 2018இல் அதைப் பிரித்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் துரத்தினர் அன்றைய ஆட்சியாளர். அது தனிக் கதை, பிறகு பேசுவோம். இப்போது மாணவரணித் தோழர்கள் அவ்விரு கல்லூரிகளிலிருந்தும் அணிகளைத் திரட்டட்டும். அணிக்கு வாதாட இருவர், ஆய்வுக்கு ஒருவர். வழக்குக் குறிப்பைத் தமிழில் எழுதித் தருவது வழக்கறிஞர் அணியின் பொறுப்பு. ஆலையின் பக்கம் வாதாடுவோரைக் கேலி செய்து கூச்சலிடக் கூடாது. அவர்களும் முழு வலுவோடு பேச வேண்டும். மண்டபமும் ஒலிபெருக்கியும் மணலிக் கிளைத் தோழர்கள் பார்த்துக்கொள்வர். முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். காட்டுக்குப்பத்திலிருந்தும் பெரியகுப்பத்திலிருந்தும் வருவோர் அங்கே உட்காரட்டும். வாதம் முடிந்ததும், தீர்ப்புக்கு முன்னால், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இரு தரப்பும் விடையளிக்க வேண்டும்.