"டைவர்ஸ் ஆயிடுச்சு" என்றால் போதுமா? கவுண்டி கோர்ட்டு முத்திரை எங்கே?

சென்னை நகர மக்கள் சாமான் வாங்குவதில் கெட்டிக்காரர்கள். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் புரட்டி புரட்டி பார்த்துத்தான் வாங்குவார்கள். பட்டுப்புடவை எடுத்தால் ஜரிகையை உரசிப் பார்ப்பார்கள். ஜாதகம் வந்தால் ஒரு ஜோசியர் போதாது, இரண்டு ஜோசியரிடம் காட்டுவார்கள்.

ஆனால் "அமெரிக்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டால் போதும், இந்த கெட்டிக்காரத்தனம் எல்லாம் எங்கோ பறந்து போய்விடுகிறது!

"பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆச்சு. ஒத்து வரலை. அமெரிக்காவிலேயே டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று தரகர் சொல்வார். பெண்ணின் அப்பா தலையை ஆட்டுவார். "பேப்பர் இருக்கா?" என்று பெண்ணின் அம்மா கேட்டால், "சும்மா இரு, நல்ல இடம், கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்று அதட்டல் விழும். மிஞ்சிப் போனால் செல்போனில் ஒரு போட்டோ வரும். ஏதோ இங்கிலீஷ் எழுத்து, கீழே ஒரு கையெழுத்து. அதோடு சரி. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

அந்த காகிதம் நிஜமானதா? எந்த கோர்ட்டு கொடுத்தது? வழக்கு முடிந்துவிட்டதா, இல்லை மனு போட்டதோடு நிற்கிறதா? இதை கேட்க ஆளில்லை. கேட்டால் பதில் கிடைக்காதா? கிடைக்கும். அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது.

எங்கே இருக்கிறது காகிதம்?

அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து விவாகரத்து பதிவேடு என்று ஒன்று கிடையாது. வாஷிங்டனில் உள்ள மத்திய அரசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விவாகரத்து என்பது அங்கே மாநில சட்டம். வழக்கு நடப்பது கவுண்டி கோர்ட்டில். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அப்படி 3 ஆயிரத்துக்கு மேல் கவுண்டிகள் இருக்கின்றன.

எந்த கவுண்டியில் வழக்கு நடந்ததோ, அந்த கோர்ட்டின் கிளார்க்கிடம்தான் தீர்ப்பு இருக்கும். கிளார்க் என்றதும் நம்ம ஊர் குமாஸ்தா என்று நினைக்க வேண்டாம். கோர்ட்டு ஆவணங்களுக்கு பொறுப்பான அதிகாரி அவர். டெக்சாஸ் மாநிலத்தில் அந்த பதவிக்கு மக்கள் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெயர்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் "சுப்பீரியர் கோர்ட்டு". டெக்சாசில் "டிஸ்ட்ரிக்ட் கிளார்க்". இல்லினாய்சில் "சர்க்யூட் கோர்ட்டு". நியூயார்க்கில் விவாகரத்து கொடுக்கும் கோர்ட்டுக்கு பெயரே "சுப்ரீம் கோர்ட்டு"! அதை பார்த்துவிட்டு "ஆகா, சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு கொடுத்துட்டுதாம்" என்று மலைத்துப் போகக்கூடாது. அந்த மாநிலத்தில் அது ஆரம்ப விசாரணை நடக்கும் கோர்ட்டுதான். ஆவணம் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும்.

எந்த கவுண்டி?

கல்யாணம் நடந்தது மயிலாப்பூராக இருக்கலாம். மாப்பிள்ளை இப்போது குடியிருப்பது வேறு ஊராக இருக்கலாம். இரண்டும் கணக்கில்லை. மனு எங்கே போட்டார் என்பதுதான் கணக்கு.

டெக்சாசில் மனு போட வேண்டுமானால் கணவனோ மனைவியோ ஒருவர் அந்த மாநிலத்தில் 6 மாதமும், அந்த கவுண்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் விவாகரத்துக்கு மாநிலத்தில் 6 மாதம், கவுண்டியில் 3 மாதம். கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் ஊர் ஊராக மாறுகிறவர்கள். அன்றைக்கு பிரீமாண்டில் இருந்திருந்தால் அலமீடா கவுண்டி. சன்னிவேலில் இருந்திருந்தால் சான்டா கிளாரா கவுண்டி. டல்லாஸ் பக்கம் பிளேனோ என்றால் பெரும்பகுதி காலின் கவுண்டி.

ஆகவே மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்றே மூன்று. எந்த கவுண்டி? எந்த வருஷம்? வழக்கு நம்பர் என்ன?

நிஜமாகவே விவாகரத்து ஆனவருக்கு இது கையில் இருக்கும். "அதெல்லாம் வக்கீல்கிட்ட இருக்கு", "வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு" என்று இழுத்தால், "பரவாயில்லை தம்பி, கிளார்க் ஆபீசுல இன்னொரு காப்பி கிடைக்குமாம், வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிவிடலாம்.

கடிதம் போடுவது எப்படி?

பல மாநிலங்களில் விவாகரத்து தீர்ப்பு பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். நேரில் போகலாம், தபாலில் மனு அனுப்பலாம், சில கவுண்டிகளில் இன்டர்நெட் மூலமும் கேட்கலாம். கணவன் பெயர், மனைவி பெயர், தீர்ப்பு வந்த வருஷம், வழக்கு நம்பர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நம்பர் இல்லாவிட்டால் தேடுவதற்கு தனி கட்டணம் கேட்கும் ஆபீசுகள் உண்டு. "கிளார்க் சான்று அளித்த நகல்" என்று கண்டிப்பாக குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை இல்லாத வெறும் காப்பி வந்து சேரும்.

தபாலில் கேட்டால் ஸ்டாம்பு ஒட்டிய பதில் கவரும் வைக்கச் சொல்வார்கள். அமெரிக்க ஸ்டாம்புக்கு தம்புசெட்டித் தெருவில் எங்கே போவது? அங்கே இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடம் பொறுப்பை கொடுப்பதுதான் சுலபம்.

இதில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதுதான் இனிஷியல்! சென்னையில் "எஸ்.குமார்" என்பவர் அமெரிக்காவில் "குமார் சுப்பிரமணியன்". அங்கே குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். வழக்கு அப்பா பெயரில் பதிவாகி இருக்கும். மனைவி பெயர் அவருடைய அப்பா பெயரிலும் இருக்கலாம், கணவன் பெயரிலும் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி, எல்லா வகையிலும் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் "அப்படி ஒரு வழக்கு இல்லை" என்று பதில் வந்துவிடும்.

எல்லா மாநிலமும் கதவை திறந்து வைக்கவில்லை. நியூயார்க்கில் விவாகரத்து கட்டு ரகசியம். வழக்கில் சம்பந்தப்பட்ட கணவன், மனைவி, அவர்கள் வக்கீல், இல்லாவிட்டால் கோர்ட்டு உத்தரவு பெற்றவர் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டார்கள். மாமனார் எழுதினால் கிடைக்காது. மாப்பிள்ளையே வாங்கித் தரவேண்டும். கலிபோர்னியாவில் வழக்கு பட்டியலை இன்டர்நெட்டில் பார்க்கலாம். ஆனால் குடும்ப வழக்கின் காகிதங்களை வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து "ஒண்ணும் வரலையே" என்று முடிவுக்கு வரக்கூடாது.

கிரெடிட் கார்டில் பணம் வாங்கிக்கொண்டு "விவாகரத்து விவரம் தருகிறோம்" என்று சொல்லும் தனியார் கம்பெனிகளும் உண்டு. அது தரும் காகிதம் கோர்ட்டு நகல் ஆகாது. மாநில சுகாதாரத்துறை தரும் கடிதமும் தீர்ப்புக்கு ஈடாகாது. டெக்சாசில் 1968 முதல் நடந்த விவாகரத்துக்கு அப்படி ஒரு கடிதம் தருகிறார்கள். "பதிவில் இருக்கிறது" என்று மட்டும் அது சொல்லும். கலிபோர்னியா மாநில அலுவலகத்தில் இருப்பதோ 1962 முதல் 1984 ஜூன் வரை உள்ள பதிவுதான். தீர்ப்பு நகலுக்கு கவுண்டியைத்தான் கேட்க வேண்டும்.

முத்திரைக்கு மேல் முத்திரை

நகல் வந்தால் வேலை முடிந்ததா? இல்லை. அந்த மாநிலத்தின் "செக்ரட்டரி ஆப் ஸ்டேட்" அலுவலகத்தில் "அப்போஸ்டில்" என்ற சான்றும் வாங்க வேண்டும். கிளார்க்கின் கையெழுத்து நிஜம்தான் என்று சொல்லும் சான்று அது. இந்தியா 2005ல் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது.

இந்த முத்திரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1975ல் திருப்பதியில் கல்யாணமான ஒரு ஜோடி. கணவர் அமெரிக்காவில் மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்டில் மனு போட்டு, 1980ல் விவாகரத்து வாங்கினார். மனைவி அந்த கோர்ட்டுக்கு போகவில்லை. ஆட்சேபம் தெரிவித்து பதில் மட்டும் அனுப்பினார். 1981ல் கணவர் இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி, இருதார மணம் என்று வழக்கு தொடர்ந்தார். விவாகரத்து தீர்ப்பின் போட்டோஸ்டாட் காப்பியை பார்த்து மாஜிஸ்திரேட்டு கணவரை விடுவித்தார். வழக்கு மேலே போய், 1991 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

கவுண்டி கோர்ட்டின் துணை கிளார்க் அந்த காப்பிக்கு சான்று கொடுத்திருந்தார். ஆனால் அமெரிக்காவில் உள்ள இந்திய அரசு பிரதிநிதியின் சான்று அதில் இல்லை. அதனால் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. அதோடு விடவில்லை. எந்த சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்த சட்டம் சொல்லும் காரணத்தில்தான் விவாகரத்து செல்லும் என்றது. "இனி சேர்ந்து வாழ வழியில்லை" என்று அமெரிக்க கோர்ட்டு சொன்ன காரணம் இந்து திருமண சட்டத்தில் இல்லை. மனைவி சம்மதித்திருந்தாலோ, தானே வழக்கில் கலந்துகொண்டு நம்ம சட்டம் ஏற்கும் காரணத்தின் மீது வாதாடியிருந்தாலோ, அங்கேயே நிரந்தரமாக வசித்திருந்து அப்படி ஒரு காரணத்தில் தீர்ப்பு வந்திருந்தாலோ கதை வேறு.

அமெரிக்காவில் செல்லும் விவாகரத்து இங்கே செல்லாமல் போகலாம் என்பதுதான் இதன் அர்த்தம்! அப்போது இரண்டாவதாக கழுத்தை நீட்டிய பெண்ணின் கல்யாணமும் செல்லாது. முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொரு கல்யாணம் செய்தால், இப்போது உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 82வது பிரிவில் 10 ஆண்டு வரை ஜெயில் உண்டு. மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனால் பெண்ணுக்கு என்ன லாபம்?

ஆகவே நகலை கையில் வாங்கி படிக்க வேண்டும். இறுதித் தீர்ப்பா என்று பார்க்க வேண்டும். "பைல் பண்ணியாச்சு" என்பது விவாகரத்து ஆகாது. கலிபோர்னியாவில் எதிர்தரப்புக்கு சம்மன் கிடைத்து 6 மாதம் ஆகாமல் கல்யாண பந்தம் முறியாது. டெக்சாசில் தீர்ப்பு வந்தாலும், கோர்ட்டு விலக்கு அளித்தால் தவிர, 30 நாள் வரை வேறு ஒருவரை மணக்க முடியாது. முதல் மனைவி கோர்ட்டுக்கு வந்தாரா, சம்மதித்து கையெழுத்து போட்டாரா என்பதை இங்குள்ள ஒரு வக்கீலிடம் காட்டி தெரிந்துகொள்ள வேண்டும். மண்டப வாடகையோடு பார்த்தால் வக்கீல் பீஸ் பெரிய தொகை அல்ல.

கைவிடப்பட்ட பெண்ணுக்கும் கிளார்க் உண்டு

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணவன் அமெரிக்காவில். மனைவி இங்கே அம்மா வீட்டில். ஒரு நாள் கவர் வருகிறது. உள்ளே விவாகரத்து தீர்ப்பு! "எல்லாம் முடிஞ்சு போச்சு, என் தலையெழுத்து" என்று அழுவதோடு பல பெண்கள் நின்றுவிடுகிறார்கள்.

முடிந்துபோகவில்லை அம்மா! தீர்ப்பு மட்டும் போதாது, வழக்கு கட்டு முழுவதையும் கிளார்க்கிடம் கேளுங்கள். சம்மன் எந்த விலாசத்துக்கு போனது, யார் வாங்கியது என்ற விவரம் அதில் இருக்கும். மனைவி இருக்குமிடம் தெரியவில்லை என்று சொல்லி, கோர்ட்டு அனுமதியோடு பத்திரிகை விளம்பரம் மூலம் சம்மன் கொடுக்க பல மாநிலங்களில் வழி உண்டு. வாரா வாரம் போன் பேசிய கணவன் "விலாசம் தெரியாது" என்று சத்தியம் செய்திருந்தால், அந்த பொய் அந்த கட்டிலேயே இருக்கும். வழக்கில் மனைவியும் ஒரு கட்சி. மற்றவர்களுக்கு பூட்டிய நியூயார்க் கதவும் அவருக்கு திறக்கும்.

தமிழக அரசு 2021ல் அயலகத் தமிழர் நலத்துறையை தனியாக ஏற்படுத்தியது. தமிழர் அதிகம் வாழும் கவுண்டிகளின் கிளார்க் ஆபீஸ் விலாசம், மனு மாதிரி, கட்டணம், அப்போஸ்டில் வழி ஆகியவற்றை அந்த துறை தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, கல்யாணம் பதிவு செய்யும் சார்பதிவாளர் ஆபீசிலும் குடும்பநல கோர்ட்டு வாசலிலும் வைத்தால் எத்தனையோ பெண்களின் கண்ணீர் மிச்சமாகும். பெரிய செலவு கிடையாது. மனசுதான் வேண்டும்.

விவாகரத்து ஆனவர் குற்றவாளி அல்ல. அவருக்கும் இரண்டாவது வாழ்க்கை வேண்டும். ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. ஒழுங்காக விவாகரத்து வாங்கியவருக்கு அந்த முத்திரைதான் கவசம். பின்னால் மனைவிக்கு கிரீன்கார்டு மனு போடும்போது, முந்தைய கல்யாணம் முடிந்ததற்கு ஆதாரம் எங்கே என்று அமெரிக்க அரசே கேட்கிறது. அரசாங்கம் கேட்டால் கொடுப்பாராம், மாமனார் கேட்டால் கோவிச்சுக்குவாராம். இது என்ன நியாயம்?

கோவிச்சுக்கிட்டு போகிற சம்பந்தம் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் போனால் மண்டப அட்வான்சோடு போகும். பின்னால் போனால் பெண்ணின் வாழ்க்கையோடு போகும்!